ஐந்து சான்றுகளும் ஐந்து மதிப்பெண்களும்

"பூமி உருண்டை வடிவமானது என்பதற்கு ஐந்து சான்றுகள் தருக." இந்தக் கேள்வியைச் சந்திக்காமல் பள்ளிப் படிப்பை முடித்தவர் நம்மில் அரிது. விடையும் எல்லோருக்கும் மனப்பாடம். கரையை நெருங்கும் கப்பலின் கொடிமரம் முதலில் தெரிகிறது; ஒரே திசையில் சென்றவர் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிறார்; தொடுவானம் வட்டமாகத் தோன்றுகிறது; கிழக்கே உள்ள ஊர்களில் சூரியன் முன்னதாக உதிக்கிறது; கிரகணத்தின்போது நிலவின் மீது விழும் பூமியின் நிழல் வட்டமாக இருக்கிறது. எண் போட்டு எழுதினால் ஐந்துக்கு ஐந்து. நானும் அப்படி எழுதி ஐந்தும் வாங்கியவன்தான்.

சென்ற ஆண்டு எங்கள் தெருவைச் சேர்ந்த பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் கைபேசியும் கையுமாக வந்தான். பூமி தட்டை என்று ஒருவர் அடித்துப் பேசும் படம் அதில் ஓடிக்கொண்டிருந்தது. "சார், இவர் சொல்வது தப்பு என்று தெரிகிறது. எங்கே தப்பு என்றுதான் சொல்லத் தெரியவில்லை" என்றான். நான் என் ஐந்து சான்றுகளையும் வரிசையாக எடுத்து வைத்தேன். படத்தில் பேசியவர் அவற்றில் நான்குக்கு முன்கூட்டியே மறுப்பு வைத்திருந்தார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அம்மறுப்புகளில் மூன்று நியாயமானவையாகவும் இருந்தன. பூமி உருண்டைதான், அதில் ஐயமில்லை. ஆனால் அதை நிறுவ நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தவற்றில் பாதி, எதையும் நிறுவுபவை அல்ல.

ஆகவே அன்பர்களே, பூமியின் வடிவத்தை அல்ல, அதற்காக நம் பாடநூல்கள் தரும் சான்றுகளை இங்கே சற்று உரசிப் பார்க்க விரும்புகிறேன். உரசும் கல் ஒன்றுதான். பூமி வேறு வடிவத்தில் இருந்தால் இக்காட்சி எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டும். அப்போதும் இப்படியேதான் தெரியும் என்றால் அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.

எதிர்த் தரப்பின் பூமி எப்படிப்பட்டது என்பதையும் முதலில் தெரிந்துகொள்வோம். ஒரு பெரிய தாம்பாளத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன் நட்டநடுவில் வடதுருவம். விளிம்பைச் சுற்றிலும் பனிச்சுவர். நாம் தென்துருவக் கண்டம் என்று சொல்வதை அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். மேலே சில ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில் சூரியன் விளக்குப் போல வட்டமிடுகிறது. கேட்கும்போதே சிரிப்பு வரலாம். ஆனால் கண்ணுக்குப் பூமி தட்டையாகத்தானே தெரிகிறது என்று கேட்பவனிடம் சிரிக்கக் கூடாது. 1150-இல் 'சித்தாந்த சிரோமணி' எழுதிய பாஸ்கரர் அக்கேள்விக்குப் பொறுமையாகவே விடை சொல்லியிருக்கிறார். ஒரு வட்டத்தின் சுற்றளவில் நூறில் ஒரு பங்கை மட்டும் எடுத்தால் அது நேர்கோடு போலவே தோன்றும். பூமியோ மிகப் பெரிது, மனிதன் மிகச் சிறியவன். அவன் கண்ணுக்கு எட்டும் பகுதி தட்டையாகத் தெரிவதில் வியப்பில்லை என்பது அவர் விளக்கம்.

இனிப் பட்டியலுக்கு வருவோம். தொடுவானம் வட்டமாகத் தோன்றுவது முதலில் அடிபட வேண்டியது. தட்டையான பாலைவனத்தின் நடுவில் நின்றாலும் பார்வை எல்லாப் பக்கமும் ஒரே தொலைவுக்குத்தான் செல்லும். அந்த எல்லை வட்டமாகத்தான் இருக்கும். கிழக்கில் முன்னதாக உதயமாவதும் தனித்து நிற்காது. தாம்பாளத்தின் மேல் சுற்றிவரும் விளக்கும் கிழக்கத்தியருக்கு முன்னதாகவே வெளிச்சம் தரும். இதே சூரியனிடம் வேறொரு நல்ல சான்று இருக்கிறது, பாடநூல்கள் அதைச் சொல்வதில்லை. விலகிச் செல்லும் விளக்கு சிறுத்துக்கொண்டே போக வேண்டுமல்லவா? சூரியன் உச்சியில் இருக்கும்போதும் மறையும்போதும் அரைப் பாகை அகலமே இருக்கிறது, சிறுப்பதில்லை. தாம்பாளத்துக்கு மேலேயே இருக்கும் விளக்கு, எவ்வளவு தொலைவு போனாலும் அதன் தளத்துக்குக் கீழே இறங்கவும் முடியாது. நம் சூரியனோ முழு வட்டமாகவே இறங்கி, அடிப்பக்கம் முதலில் மறைய, கடலுக்குள் போகிறது.

அடுத்தது மெகல்லன். 1519-இல் ஐந்து கப்பல்களோடு ஸ்பெயினிலிருந்து மேற்கே புறப்பட்டவர், பூமியைச் சுற்றி வந்து அது உருண்டை என்று நிரூபித்தார் என்று படிக்கிறோம். அவர் சுற்றி வரவே இல்லை. 1521-இல் பிலிப்பைன்ஸ் தீவுகளில் மக்தான் என்னுமிடத்தில் நடந்த சண்டையில் இறந்துபோனார். எஞ்சிய 'விக்டோரியா' என்ற ஒரே கப்பலை 1522 செப்டம்பரில் கரை சேர்த்தவர் எல்கானோ. உடன் வந்தவர்களையும் சேர்த்துப் பதினெட்டுப் பேர். இருநூற்றுக்கு மேற்பட்டவர்கள் புறப்பட்ட பயணம் அது. அந்தப் பதினெட்டுப் பேரின் வீரத்தில் எள்ளளவும் குறை சொல்ல முடியாது. ஆனால் தாம்பாளத்தின் மேல் நடுப்புள்ளியைச் சுற்றி ஓர் எறும்பு நடந்தாலும் புறப்பட்ட இடத்துக்குத்தானே வந்து சேரும்? மேற்கே போய்க் கிழக்கிலிருந்து திரும்புவது இரண்டு வடிவங்களிலும் நடக்கக்கூடியது.

பயணங்களில் சான்றே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். தென்கோளத்துத் தூரங்களைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் சிட்னியிலிருந்து தென் அமெரிக்காவின் சாந்தியாகோவுக்கு நேரடி விமானம் போகிறது. உருண்டையின் மேல் அத்தூரம் ஏறக்குறைய 11,350 கிலோமீட்டர். வடதுருவத்தை நடுவில் வைத்த தாம்பாளத்தில் இவ்விரு நகரங்களும் எதிரெதிர் ஓரங்களுக்குப் போய்விடுகின்றன. நான் கணக்கிட்டுப் பார்த்ததில் 25,000 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. விமானம் போய்ச் சேரப் பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரம் ஆகிறது. மணிக்கு 900 கிலோமீட்டர் போகும் விமானம் தாம்பாளத்தில் இந்த நேரத்தில் பாதி வழியைக்கூட எட்டாது. மெகல்லனுக்குத் தரும் பத்தியை இந்த விமானத்துக்குத் தரலாம்.

கப்பல் சான்று நல்ல சான்று. நாம் அதைச் சொல்லும் விதம்தான் கெட்டது. வெறுங்கண்ணால் பார்க்கும்போது தொலைவில் உள்ள கப்பலின் கீழ்ப்பகுதி அலையிலும் மங்கலிலும் கலந்து மறைந்தது போலத் தோன்றும். தொலைநோக்கியால் பார்த்தால் மீண்டும் தெரியும். தட்டைக் கட்சிக்காரர் இதைப் படம் பிடித்துக் காட்டி, 'பாருங்கள், கப்பல் எங்கும் இறங்கவில்லை' என்பார். அவர் காட்டும் கப்பல் இன்னும் தொடுவானத்தைத் தாண்டவில்லை என்பதே உண்மை. கடற்கரையில் நிற்பவரின் கண் நீர்மட்டத்துக்கு 1.6 மீட்டர் உயரத்தில் இருந்தால் அவருடைய தொடுவானம் நாலரைக் கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். அதையும் தாண்டிச் சென்ற கப்பலின் அடிப்பகுதியை எவ்வளவு பெரிய தொலைநோக்கியாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆனால் அருகில் ஒரு கலங்கரை விளக்கம் இருந்து, அதன் மாடத்துக்கு 40 மீட்டர் உயரம் ஏறினால், தொடுவானம் 22 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். மறைந்த அடிப்பகுதி வந்துவிடும். கண்ணாடியால் திரும்பாதது படிக்கட்டால் திரும்புகிறது என்பதுதான் சான்றின் உயிர். நம் பாடநூல்களின் படத்தில் கப்பல் உண்டு, கொடிமரம் உண்டு, அந்தப் படிக்கட்டு இல்லை.

இந்தச் சான்றில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. அதில் சிக்கியவர் சாதாரண ஆள் அல்லர். அந்தக் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் பழைய பெட்ஃபோர்டு ஆறு என்றொரு கால்வாய் உண்டு. ஆறு மைல் தூரம் அம்பு விட்டாற்போல் நேராகச் செல்லும். நீரோட்டமும் மிக மெது. 1838-இல் சாமுவேல் ரோபாதம் என்பவர் அக்கால்வாயில் இறங்கி, கண்ணை நீர்மட்டத்துக்குச் சுமார் 20 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்துக்கொண்டு, கொடியோடு விலகிச் சென்ற ஒரு படகைத் தொலைநோக்கியால் பார்த்தார். ஆறு மைல் போன பின்பும் படகு தெரிந்தது. நாம் படிக்கும் பூமியின் வளைவுப்படி அது ஐந்து மீட்டர் உயரத்துக்கு மறைந்திருக்க வேண்டும். பூமி தட்டை என்று முடிவு கட்டிய ரோபாதம், 'பாரலாக்ஸ்' என்ற புனைபெயரில் நூல் எழுதி, ஊர் ஊராகச் சொற்பொழிவும் செய்தார்.

அவர் பொய் சொல்லவில்லை, படகு தெரிந்திருக்கும். நீரை ஒட்டி நிற்கும் குளிர்ந்த காற்று அடர்ந்தது. மேலே போகப் போக அடர்த்தி குறையும். அதன் வழியே வரும் ஒளிக்கதிர் நேராக வராமல் பூமியின் வளைவைத் தழுவிக்கொண்டு வளைந்து வரும். கோடையில் தார்ச்சாலையில் கானல் நீர் காட்டும் அதே ஒளிவிலகல்தான். இங்கே எதிர்த்திசையில் வேலை செய்கிறது. கண்ணை நீருக்கு ஒரு சாண் உயரத்தில் வைப்பவர் இக்காற்றைத்தான் அளக்கிறார், பூமியை அல்ல.

ரோபாதத்தின் சீடர்களில் ஜான் ஹாம்டன் என்று ஒருவர் இருந்தார். ஏதேனும் ஓர் ஆற்றிலோ ஏரியிலோ நீரின் வளைவைக் காட்டுவோருக்கு 500 பவுன் தருவதாக 1870-இல் அவர் சவால் விட்டார். ஏற்றுக்கொண்டவர் ஆல்ஃப்ரெட் ரஸ்ஸல் வாலஸ். இயற்கைத் தேர்வுக் கொள்கையை டார்வினோடு சேர்ந்து 1858-இல் உலகுக்கு அறிவித்த அதே வாலஸ்தான். இளமையில் நில அளவையாளராக வேலை பார்த்தவர். இந்த அளவை அவருக்குக் கைவந்த கலை. புவியியல் அறிஞர் லயலிடம் யோசனை கேட்டார். காட்டிவிட்டால் இவர்கள் வாய் அடங்கும் என்று அவரும் ஊக்கினார்.

1870 மார்ச் 5 அன்று சோதனை நடந்தது. ரோபாதம் செய்த தவற்றை வாலஸ் செய்யவில்லை. ஆறு மைல் இடைவெளியில் இருந்த இரண்டு பாலங்களில், ஒன்றில் தொலைநோக்கியையும் மற்றொன்றில் ஒரு கறுப்புப் பட்டையையும் வைத்தார். இரண்டும் நீருக்கு மேல் ஒரே உயரம், பதின்மூன்று அடிக்குச் சற்று அதிகம். நீரை ஒட்டிய காற்றின் குறும்பு அவ்வளவு உயரத்தில் பெரிதும் அடங்கிவிடும். சரி பாதி வழியில் ஒரு கம்பம் நட்டு, அதே உயரத்தில் ஒரு வட்டத் தகட்டையும் நான்கு அடி கீழே மற்றொரு தகட்டையும் பொருத்தினார். நீர் தட்டையானால் மேல் தகடும் தூரத்துப் பட்டையும் ஒரே நேர்கோட்டில் தெரிய வேண்டும். வளைந்திருந்தால் நடுக்கம்பம் மேட்டில் நிற்பது போல ஆகி, தகடு உயர்ந்து தெரிய வேண்டும். ஒளிவிலகலையும் கழித்துக் கணக்கிட்டால் அந்த உயர்வு ஏறத்தாழ ஐந்து அடி. உயர்ந்துதான் தெரிந்தது.

பிறகு நடந்ததுதான் பாடம். ஹாம்டன் தொலைநோக்கியில் கண்ணை வைக்கவே இல்லை. தம் தரப்பு நடுவர் பார்த்தால் போதும் என்று இருந்துவிட்டார். அந்த நடுவர் கார்ப்பெண்டரும் தட்டைக் கட்சிக்காரர். காட்சியைப் பார்த்தார், பூமி தட்டை என்பது உறுதியாகிவிட்டது என்றார்! இரு தரப்பும் வரைந்த படங்களைப் பார்த்து, 'தி ஃபீல்டு' என்ற பத்திரிகையின் ஆசிரியர் வால்ஷ், வாலஸுக்கே தீர்ப்பளித்தார். பணமும் கைமாறிற்று. அதன் பின் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஹாம்டன் வாலஸை விடவில்லை. அவர் நண்பர்களுக்கும், அவர் உறுப்பினராக இருந்த சங்கங்களுக்கும் அவதூறுக் கடிதங்கள் எழுதினார். வாலஸின் மனைவிக்கு மிரட்டல் கடிதமும் எழுதினார். சிறை சென்றார், வெளியே வந்தார், மீண்டும் எழுதினார். பந்தயப் பணத்தைச் சட்டம் ஆதரிக்காது என்று வழக்குப் போட்டு, தாம் கட்டிய தொகையையும் திரும்ப வாங்கிவிட்டார். உண்மையை நிரூபித்த வாலஸுக்கு மிஞ்சியவை வழக்குச் செலவும் மன உளைச்சலும். வாழ்நாளெல்லாம் அவர் வருந்திய செயல்களில் இது ஒன்று.

வாலஸின் சோதனையில் குற்றமில்லை. பாடநூல்கள் செய்யும் தவறு வேறு. ஒளி எப்போதும் நேர்கோட்டில்தான் செல்லும் என்று ஒரு பாடத்தில் கற்பிக்கிறோம்; கப்பல் மறைகிறது என்று மற்றொரு பாடத்தில் கற்பிக்கிறோம். காற்றில் ஒளி வளைகிறது என்ற செய்தி இரண்டுக்கும் இடையில் விழுந்துவிடுகிறது. அந்த இடைவெளியில்தான் ரோபாதம் நின்றார். அந்தக் கைபேசிப் படத்தில் பேசியவரும் அங்கேதான் நிற்கிறார்.

இப்போது எரட்டோஸ்தனிஸ். பொது அறிவு நூல்களுக்கு இவர் செல்லப் பிள்ளை. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் நூலகராக இருந்தவர். தெற்கே சையீன் என்ற ஊரில் கோடையின் மிக நீண்ட நாளன்று நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்க, அதே வேளையில் அலெக்சாந்திரியாவில் அது ஒரு வட்டத்தின் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 7.2 பாகை சாய்ந்திருந்தது. ஆகவே பூமியின் சுற்றளவு அவ்விரு ஊர்களின் இடைத்தூரத்தைப் போல் ஐம்பது மடங்கு என்றார். மேதைதான். ஆனால் பூமி உருண்டை என்று அவர் இதில் நிரூபிக்கவில்லை. அதை முன்பே ஏற்றுக்கொண்டு, அதன் அளவைக் கண்டார். 'எரட்டோஸ்தனிஸ் ஒரு குச்சியைக் கொண்டு பூமி உருண்டை என்று காட்டினார்' என்று எழுதுவோர் இந்த வேறுபாட்டை விழுங்கிவிடுகிறார்கள்.

ஏன் நிரூபணம் ஆகாது? தட்டையான தரையின் மேல் சூரியன் அருகிலேயே தொங்கினாலும் இரண்டு ஊர்களில் நிழல்கள் வேறுபடும். எரட்டோஸ்தனிஸின் அளவுகளையே தட்டைப் பூமியில் போட்டால், சூரியன் ஏறக்குறைய 6,300 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதாக வரும். இது வெறும் கற்பனையல்ல. பழங்காலச் சீனர்கள் இதைச் செய்தே இருக்கிறார்கள். 'சௌபி' என்ற அவர்களுடைய பழைய வானியல் கணித நூல், கம்பத்தின் நிழல் இடத்துக்கு இடம் மாறுவதை வைத்து, தரை தட்டை என்று கொண்டு, சூரியனின் உயரம் 80,000 லீ என்று கணக்கிடுகிறது. கணக்கில் பிழையில்லை, தொடக்கத்தில்தான் பிழை. ஒரே நிழல், ஒருவருக்குப் பூமியின் அளவைத் தந்தது, மற்றவருக்குச் சூரியனின் உயரத்தைத் தந்தது. இரண்டு குச்சிகளால் இவ்வழக்கைத் தீர்க்க முடியாது.

மூன்றாவது குச்சி தீர்த்துவிடும். மார்ச் 20, 21-ஐ ஒட்டிப் பகலும் இரவும் சமமாகும் நாளில் சூரியன் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே நிற்கும். அன்று நண்பகலில் கன்னியாகுமரியில் அது உச்சியிலிருந்து 8 பாகையும், சென்னையில் 13 பாகையும், தில்லியில் 28½ பாகையும் தெற்கே சாய்ந்திருக்கும். பூமத்திய ரேகையிலிருந்து இவ்வூர்களின் தூரம் முறையே 900, 1,455, 3,180 கிலோமீட்டர். தட்டைப் பூமி என்று கொண்டு ஒவ்வோர் ஊரிலிருந்தும் சூரியனின் உயரத்தைக் கணக்கிடுங்கள். கன்னியாகுமரி 6,330 கிலோமீட்டர் என்கும். சென்னை 6,260 என்கும். தில்லி 5,830 என்கும். மாஸ்கோ நகரத்தையும் கேட்டால் 4,220 என்று சொல்லும். ஒரே சூரியன் ஒரே நேரத்தில் நான்கு உயரங்களில் எப்படித் தொங்கும்? உருண்டை என்று கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை. எந்த ஊரில் அளந்தாலும் சாய்வு ஒரு பாகை கூட, தூரம் 111 கிலோமீட்டர் கூடும். பத்தாம் வகுப்புத் திரிகோணமிதி போதும். இவ்வளவு அழகான கணக்கு இருக்கும்போது, கணிதப் பாடத்தில் கொடிக்கம்பத்தின் உயரத்தையே ஆண்டுதோறும் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறோம்!

கிரகணச் சான்றுக்கு வருவோம். ஐந்தில் இதுவே வலிமை மிக்கது. அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து வருவது. ஆனால் நம் நூல்களில் ஒரு சொல் விடுபட்டுப் போகிறது. பூமியின் நிழல் 'எப்போதும்' வட்டமாக விழுகிறது என்று எழுத வேண்டும். தாம்பாளமும் வட்ட நிழல் தரும், வெளிச்சம் அதன் முகத்துக்கு நேரே விழும்போது. பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் அடித்தால் நிழல் ஒரு கோடாகிவிடும். விளக்கடியில் ஒரு தட்டைப் பிடித்துத் திருப்பிப் பாருங்கள், பிறகு ஒரு பந்தைப் பிடித்துத் திருப்புங்கள். எந்தப் பக்கத்திலிருந்து ஒளி விழுந்தாலும் வட்ட நிழல் தருவது பந்து ஒன்றுதான்.

ஆகவே நள்ளிரவில் உச்சி வானில் நிகழும் கிரகணத்தைவிட, நிலவு எழும்போதோ விழும்போதோ நிகழும் கிரகணமே நமக்கு உதவும். 2022 நவம்பர் 8 அன்று சென்னையில் நிலவு கிரகணம் பிடித்தபடியே எழுந்தது, மாலை 6.19 வரை நிழல் விலகிக்கொண்டிருந்தது. சூரியன் மேற்கே அப்போதுதான் மறைந்திருந்தது. அதாவது தட்டைப் பூமியானால் ஒளி அதன் விளிம்பில் பக்கவாட்டாக அடித்திருக்க வேண்டிய வேளை. நிலவின் மேல் கோடு விழவில்லை, வழக்கமான வளைவே விழுந்தது. 2025 செப்டம்பர் 7 இரவு இந்தியா முழுவதும் தெரிந்த முழுக் கிரகணத்திலும் அதே வளைவுதான். இரண்டையும் பார்த்தவர்கள் அரிஸ்டாட்டிலின் சான்றைத் தாமே சரிபார்த்தவர்கள்.

இவ்வளவையும் விட எனக்குப் பிடித்த சான்று பள்ளிப் பட்டியலில் பெரும்பாலும் கடைசியில் வருகிறது, அல்லது வருவதே இல்லை. வடக்கே செல்லச் செல்லத் துருவ நட்சத்திரம் உயர்கிறது. தென்வானத்து விண்மீன்கள் தாழ்ந்து, ஒவ்வொன்றாக அடிவானத்துக்குள் இறங்கிவிடுகின்றன. நம்மவர் அகத்தியர் பெயரால் அழைக்கும் விண்மீனை எடுத்துக்கொள்வோம். சிரியஸுக்கு அடுத்தபடி இரவு வானில் ஒளிமிக்கது. பிப்ரவரி மாதம் இரவு ஒன்பது மணியளவில் தெற்கே உச்ச நிலையில் இருக்கும். கன்னியாகுமரியில் அது அடிவானத்திலிருந்து 29 பாகை உயரத்தில் நிற்கும். சென்னையில் 24 பாகை. தில்லியில் 9 பாகைகூட இல்லை. ஸ்ரீநகரில் 3 பாகை. ஏதென்ஸிலோ லண்டனிலோ அகத்தியர் எழுவதே கிடையாது. கையை நீட்டி மடக்கிய முட்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. சென்னையில் இரண்டரை முட்டி, தில்லியில் ஒரு முட்டிக்கும் குறைவு. கருவி எதுவும் வேண்டாம்.

அருகில் தொங்கும் விளக்கு என்ற வாதம் இங்கே உதவாது. தட்டைத் தரையின் மேல் தொங்கும் விளக்கை விட்டு எவ்வளவு விலகினாலும் அது தாழ்ந்து தெரியுமே தவிர, தரைக்குக் கீழே போகாது. அகத்தியர் போய்விடுகிறார். கிரேக்க அறிஞர் பொசிடோனியஸ் கி.மு. முதல் நூற்றாண்டில் பூமியை அளந்தது இதே விண்மீனைக் கொண்டுதான். ரோடஸ் தீவில் அது அடிவானத்தைத் தொட்டுச் செல்கிறது. அலெக்சாந்திரியாவில் வட்டத்தின் 48-இல் ஒரு பங்கு உயர்கிறது என்று அவர் கொண்டார். அந்தப் பங்கு சற்று மிகையானது, வழி சரியானது.

தென்கோளத்திலும் இதே கதை. தென் ஆப்பிரிக்காவில் நின்று தெற்கே பார்த்தாலும், அர்ஜென்டினாவில் நின்று தெற்கே பார்த்தாலும், வானம் சுழலும் மையம் ஒன்றே. தாம்பாளத்தில் இவ்விருவரும் வெவ்வேறு திசைகளில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரே புள்ளியைக் காண வழியில்லை.

விண்வெளிப் படங்கள் இருக்க இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். 1946-இலேயே ஒரு ராக்கெட்டிலிருந்து வளைவைப் படம் எடுத்தார்கள். 1972 டிசம்பர் 7 அன்று அப்போலோ 17 பயணிகள் எடுத்த முழுப் பூமியின் படம் உலகெங்கும் சுவர்களில் தொங்கியது. அவை உண்மையானவை. ஆனால் படம் பொய் என்று சொல்லத் துணிந்தவரிடம் படத்தைக் காட்டிப் பயனில்லை. அகத்தியரை அவர் தம் முட்டியாலேயே அளந்துகொள்ளலாம்.

கடைசியாக ஒரு புகார் ஆரஞ்சுப் பழத்தைப் பற்றியது. பூமி ஆரஞ்சைப் போல் துருவங்களில் தட்டையானது என்பது பாடநூல்களின் நிரந்தர வாசகம். தட்டைதான். 1672-இல் கயேன் தீவுக்குப் போன ரிஷேயின் ஊசல் கடிகாரம் நாளுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியபோதே அதற்குக் குறிப்புக் கிடைத்தது. நியூட்டன் 1687-இல் கணக்கிட்டுச் சொன்னார். அதை அளந்து தீர்ப்பதற்காக ஒரு பிரெஞ்சுக் குழு 1735-இல் பெருவுக்கும், மற்றொன்று 1736-இல் லாப்லாந்துக்கும் சென்றன. ஒரு பாகையின் நீளம் வடக்கே கூடுதலாக இருந்தது. 1802-இல் சென்னைப் பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் வரை லாம்டன் சங்கிலி போட்டு அளந்த அடிக்கோடும் இவ்வாராய்ச்சிக்குப் பயன்பட்டதுதான். இத்தனை பேர் இத்தனை பாடுபட்டுக் கண்ட தட்டை எவ்வளவு? மைய விட்டம் 12,756 கிலோமீட்டர்; துருவ விட்டம் அதைவிட 43 கிலோமீட்டர் குறைவு. வகுப்பில் இருக்கும் 30 சென்டிமீட்டர் உலக உருண்டையில் அது ஒரே ஒரு மில்லிமீட்டர். எந்த ஆரஞ்சும் அவ்வளவு திருத்தமாக உருண்டிருக்காது. உவமை வேண்டுமென்றால் ஆரியபட்டர் 499-இல் சொன்னதை எடுத்துக்கொள்ளலாம்: கடம்பம்பூவின் உருண்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் இதழ்கள் நிற்பது போல, பூமியைச் சுற்றிலும் உயிர்கள் நிற்கின்றன என்றார். கீழே இருப்பவர் விழுந்துவிடமாட்டாரா என்று கேட்கும் குழந்தைக்கும் அந்தப் பூவைக் காட்டலாம்.

அந்த மாணவனிடம் நான் ஐந்து சான்றுகளையும் திரும்பப் பெற்றுக்கொண்டேன். இந்தப் பிப்ரவரியில் அவன் எங்கள் மொட்டை மாடியில் நின்று அகத்தியரை அளந்தான். இரண்டு முட்டியும் நான்கு விரலும் என்றான். உடனே தில்லியில் இருக்கும் தன் சித்தப்பாவைக் கைபேசியில் கூப்பிட்டு, தெற்கே பார்க்கச் சொன்னான். எதிர்வீட்டு மூன்றாம் மாடிதான் தெரிகிறது, விண்மீன் எதுவும் இல்லை என்றார் அவர். "அதுதான் சித்தப்பா, அங்கே அது அவ்வளவு கீழே இருக்கிறது. மாடிக்குப் போய்ப் பாருங்கள்" என்றான். குளிர் குறையட்டும், போகிறேன் என்று அவர் சொல்லியிருக்கிறார்.